யாராவது ஒருத்தர்

"ஏய் பெரியவளே, உங்க ஆபீஸ்காரனுங்க யோக்கியமானவனுங்கதானா?"

அவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது. கூடத்தில் அப்பா, கட்டுப்போட்ட முழங்காலை முக்காலி மேல் நீட்டியபடி, அவளுடைய பழைய போனைத் திருட்டுச் சாமானைக் கண்டெடுத்தவர் மாதிரி தூக்கிக் காட்டினார். திரையில் ஓர் அரக்கன் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் வெள்ளைக் கோபுரம் ஒன்று பொடிப்பொடியாகக் கிடந்தது. அது அப்பாவின் கோபுரம்.

"பகடை நேர்மையானதுப்பா," என்றாள் அவள், பையை ஆணியில் மாட்டிக்கொண்டே.

"என்ன நேர்மை? சார்ஜ் இறங்க இறங்க ஒண்ணு ஒண்ணா விழுது. அந்தச் சூனியக்காரி நான் பேசறதை ஒட்டுக் கேக்கறா. 'இவளை அடிக்கணும்'னு வாய்விட்டுச் சொன்னேன், அடுத்த ஆட்டத்துல என் மாடி காலி. மூணு பேரும் ஒண்ணா சேந்துக்கிட்டு என்னையே மொத்தறானுங்க. நான் என்ன ஊருக்கு இளைச்சவனா?"

அப்பா கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அடுத்தவர் இரும்பை அலுங்காமல் நலுங்காமல் தூக்கி வைத்தே காலத்தை ஓட்டியவர். முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டில் முடங்கிக் கிடந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே கூண்டு அந்தப் போன்தான். அதில் இருந்த 'நான்கு கோபுரம்' ஆட்டம் அவள் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. ஒரு மந்திர நாட்டில் நாலு கோபுரம். பகடை உருட்டிக் கல் சேர்த்து மாடி எழுப்ப வேண்டும். யார் முதலில் ஏழாவது மாடியைக் கட்டுகிறாரோ அவரே ராஜா. நடுவில் சுற்றுக்கு ஒரு முறை ஆளுக்கொரு இடி அட்டை வரும்; அதை வைத்து எதிராளி ஒருவரின் மாடியைத் தகர்க்கலாம். ஆடுகிற மனிதருக்கு வெள்ளைக் கோபுரம். மற்ற மூன்றும் கம்ப்யூட்டர் ஆடுவது: அரக்கன், சூனியக்காரி, எலும்பன். அப்பா பகல் முழுக்க இவர்கள் மூவரோடும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் அவள் தலை தெரிந்ததும் பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார். ஆபீஸில் கேட்டது போதாதென்று வீட்டிலும் அதே பாட்டு. மத்தளத்துக்காவது அடித்துவிட்டு நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுப்பார்கள்.

"யாராவது குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்," என்றார் அப்பா, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிக்கொண்டே.

கூடத்தில் தம்பி இருந்தான். கல்லூரி இரண்டாம் வருடம், காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப். தண்ணீர்ப் பானை அவனுக்கு மூன்றடி தள்ளி இருந்தது. அவன் நிமிரவில்லை. அவள்தான் இன்னும் கழற்றாத செருப்பை உதறிவிட்டுப் போய் மொண்டுகொண்டு வந்தாள்.

ஆபீஸ் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே புதுப் பஞ்சின் வாடை மூக்கில் ஏறும். உட்கார்ந்ததும் தூக்கம் வரும். நடு ஹாலில் இருந்த ஏசி ஒழுகும். அதற்குக் கீழே ஒரு நீல பக்கெட். அது நிரம்பித் தரையில் வழியப் போகும் நேரத்தில், கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லோரும் தலை என்று கூப்பிடும் தலைவர், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் குரல் கொடுப்பார்: "யாராவது அந்த பக்கெட்டை ஊத்திடுங்கப்பா." சேர்ந்த புதிதில் ஒருநாள் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கும் ஆசையில் அவள் எழுந்து போய் ஊற்றினாள். அன்றிலிருந்து பக்கெட் அவளுடையது. யாரும் அவளை ஊற்றச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டை போடுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

அவளுடைய குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. புள்ளியியல். பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மணி பார்க்கிற எல்லோரும் அவளையும் பார்த்தாக வேண்டும். அந்தப் பட்டத்தோடு இங்கே வந்தவளைப் புகார் மேஜையில் உட்கார வைத்தார்கள். "ஒரு மூணு மாசத்துக்கு மட்டும்" என்றார் தலை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. தோற்றவர்கள் எழுதும் புகாருக்கெல்லாம் அவள் 'கோட்டை மந்திரி' என்ற பெயரில் பதில் போட வேண்டும். அதனால் ஆபீஸிலும் அவள் பெயர் மந்திரிதான்.

புகார் எழுதுகிறவர்கள் சாமானியர்கள் இல்லை. 'உங்கள் அரக்கன் என் மைத்துனனைப் போல. உலகத்தில் எத்தனை வீடு இருந்தாலும் என் வீட்டுக்குத்தான் வருகிறான்' என்று ஒருவர். 'நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவள்தான், குருடி இல்லை' என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒரு பல் டாக்டர் ஒவ்வொரு தோல்வியையும் படம் பிடித்து அனுப்புவார், எக்ஸ்ரே அனுப்புகிற மாதிரி. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: 'அன்புள்ள கோபுரத் தலைவரே, எங்கள் பகடை நேர்மையானது. கணினி எதிராளிகள் எந்த ஆட்டக்காரரிடமும் பாரபட்சம் காட்டுவதில்லை. அடுத்த முறை அதிர்ஷ்டம் உங்கள் பக்கம்!' எத்தனை முறை அனுப்பினாளோ, விரலுக்கு அது மனப்பாடம். அவளுக்கு அதில் சந்தேகமும் இல்லை. தன் மேல் விழுந்த அடியை மனுஷன் மறக்கமாட்டான், அடுத்தவன் மேல் விழுந்ததை எண்ணவே மாட்டான் என்று அவள் பாடத்திலேயே படித்திருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. ஜன்னலோரம், தாடிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலி. தாடிதான் அந்த மூன்று எதிராளிகளையும் எழுதியவன். அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எப்போது அடிக்கிறார்கள், எங்கே சொதப்புகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்க அவனுக்கு ஓர் ஆள் தேவை. அந்த வேலைக்குத்தான் அவள் படித்தாள். நாற்காலியின் முதுகில் தாடியின் கோட்டு மட்டும் சட்டமாக உட்கார்ந்திருந்தது. பக்கெட் ஊற்றப் போகும்போதெல்லாம் அவள் அந்தக் கோட்டை முறைத்துவிட்டுப் போவாள்.

இந்த வாரத் தொடக்கத்தில் தலை அவளை உள்ளே கூப்பிட்டார். "மந்திரிம்மா, இந்த நேர்மை விவகாரம் தாங்கலை. ஒரேயடியா ஒரு முற்றுப்புள்ளி வைக்கணும். நீ புள்ளியியல்தானே படிச்சே? ஒரு புள்ளி வைக்க மாட்டியா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆட்டம் திறந்ததும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அது வரும். மந்திரி பெயரில் இல்லை. அவள் சொந்தப் பெயரில், பட்டத்தோடு. "திங்கக்கிழமை அறிக்கை போகட்டும். செவ்வாக்கிழமை நீ அந்த ஜன்னலோரம்."

அவள் பகடையை லட்சக்கணக்கில் உருட்டவிட்டாள். ஒன்றும் ஆறும் வரவேண்டிய அளவுக்கு வந்தன, ஒரு குறையும் இல்லை. அறிக்கையை ஆசை ஆசையாக எழுதினாள். டீச்சருக்கும் பல் டாக்டருக்கும் பட்டும் படாமல் ஒரு குத்துகூட வைத்தாள். 'பகடைக்கு யார் முகமும் தெரியாது' என்று ஒரு வரி. அதைத் தானே இரண்டு முறை படித்து ரசித்தாள். கடைசியில், கைப்பழக்கத்தில், 'கணினி எதிராளிகள் எந்த ஆட்டக்காரரிடமும் பாரபட்சம் காட்டுவதில்லை' என்ற பழைய வரியையும் ஒட்டிவிட்டாள்.

அதைத்தான் அவள் சோதிக்கவே இல்லை.

வியாழன் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற மெஷின். நாளெல்லாம் முகம் தெரியாத ஆண்களின் கழுத்தைத் தைத்துவிட்டு வருகிறேன் என்பாள். அப்பாவுக்குத் தனியாக அடி வாங்கி அலுத்துப்போயிருந்தது. ஒரே போனில் வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடவும் வழி உண்டு. எலும்பனை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தன்னைப் போட்டுக்கொண்டார். "பொம்பளைங்களுக்குத்தான் முதல் மரியாதை," என்று பெருந்தன்மையாகச் சொல்லி அம்மாவை முதல் இடத்தில் உட்கார்த்தினார். வெள்ளைக் கோபுரம் அம்மாவுக்குப் போயிற்று.

முதல் சுற்றில் அரக்கன் அம்மாவின் மாடியை இடித்தான். அம்மா திக்கித் திணறி அதைக் கட்டி முடித்தாள். முடித்த கையோடு சூனியக்காரி இடித்தாள். மறுபடியும் கட்டினாள், மறுபடியும் இடித்தார்கள். அப்பாவின் கோபுரத்தை ஒருவரும் சீண்டவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலித்து, "ஐயோ அம்மா" என்று அதைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார்.

"பாத்தியா? என்னை ஒருத்தன் தொடல! இத்தனை நாள் நான் பட்ட பாடு தெரியுதா இப்ப?"

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே," என்றாள் அம்மா, நிஜமாகவே புரியாமல். "யாரையும் ஒரு தட்டு தட்டலை. எதுக்கு என்கிட்டயே வர்றானுங்க?" இன்னொரு மாடி போனதும் போனைத் தரையில் வைத்துவிட்டாள். "அங்க சூப்பர்வைசர், இங்க நீங்க எல்லாரும். இதுல காசு குடுக்காத அரக்கன் வேறயா எனக்கு?" கையை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

கூடத்தின் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள், அப்படியே கையில் ஒரு சட்டையோடு நின்றாள். போனை எடுத்தாள். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கி அப்பாவை முதல் இடத்தில் போட்டாள். அப்பாவுக்கு அடி. தம்பியின் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அவனை முதலில் உட்கார்த்தினாள். "என்னை எதுக்குடி..." என்று அவன் முடிப்பதற்குள் அவன் மாடி சரிந்தது. தன்னைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் அதே. மனுஷனா கம்ப்யூட்டரா, கெட்டிக்காரனா மக்கா, எதுவும் கணக்கில்லை. முதல் இடத்தில் உட்கார்ந்தவருக்கு அடி. தனியாக ஆடுகிற மனிதரை ஆட்டம் எப்போதும் முதல் இடத்தில்தான் உட்கார வைக்கும்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. கணக்கு டீச்சர் நினைவுக்கு வந்தார்.

அப்பா வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். "அப்ப ரொம்ப சுலபம். உங்கம்மாவையே எப்பவும் முதல்ல போட்டுரு. அவ ஆடக்கூட வேண்டாம், பேர் இருந்தா போதும். அது பாட்டுக்கு அடி வாங்கிட்டிருக்கட்டும், நான் பின்னால கட்டிட்டுப் போயிடறேன்." கேலியாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை ஒன்றைக் கண்டுபிடித்த நிம்மதியோடு சொன்னார். அடுப்படியில் பாத்திரம் ஒன்று கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

மறுநாள் காலை அவள் நேராகத் தாடியிடம் போனாள். கோட்டைத் தூக்கி மேஜை மேல் போட்டுவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"தாடிண்ணா, உங்க பசங்க சரியில்ல."

தாடி அவர்களைப் பசங்க என்றுதான் சொல்வான். அவன் முகம் சுருங்கியது. நல்லவன். எதிராளிகள் மனிதரின் அட்டையை எட்டிப் பார்க்கக் கூடாது, பகடையைத் திருப்பக் கூடாது என்று ரத்தம் வராத குறையாகத் தலையோடு சண்டை போட்டவன். "மந்திரி, நீயுமா? ரெண்டு வருஷம் உசிரைக் குடுத்து எழுதியிருக்கேன். மனுஷனை அடின்னு ஒரு வரி இருந்தா காட்டு, தாடியை எடுத்துடறேன்."

"இருக்காது. நான் கேக்கறது வேற. ஒருத்தன் மாடியை இடிக்கணும்னா யாரோடதுன்னு எப்படி முடிவு பண்றாங்க?"

"உயரமா இருக்கறவனை. அதானே நியாயம்?"

"எல்லாரும் ஒரே உயரம்னா?"

"அப்ப யாரா இருந்தா என்ன. யாரையாவது அடிப்பாங்க."

"யாரையாவதுன்னா, யாரை?"

தாடி திரையை இழுத்தான். எதையோ தேடி, வரி வரியாகப் பார்த்தான். கீழே மெத்தைக் கடையில் யாரோ மெத்தை மேல் குதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"வரிசையில முதல்ல இருக்கறவனை," என்றான் கடைசியில். "சமமா இருந்தா வரிசையில முதல்ல கிடைக்கறவன். நான் அப்படி எழுதல மந்திரி. எதுவும் எழுதாம விட்டுட்டேன். எழுதாம விட்டா அது அப்படித்தான் எடுத்துக்கும்."

"அப்ப ஒருத்தன் முக்கி முனகி மத்தவங்களுக்குச் சமமா வர்றான். வந்த உடனே அடி."

"ஆமா."

"கீழேயே கிடந்தா விட்டுடுவாங்க."

"ஆமா. விட்டுடுவாங்க." பிறகு அவனுக்கு இன்னொன்று உறைத்தது, நெற்றியில் அறைந்துகொண்டான். "மனுஷனே இல்லாம நாலையும் கம்ப்யூட்டரா ஆடவிட்டுத்தான் நான் சோதிச்சேன். அப்ப முதல் இடத்துல அரக்கன். பாவம், அடி வாங்கிட்டே இருந்தான். மக்குப் பயலா பொறந்துட்டான் போலன்னு நினைச்சு அவனுக்கு மட்டும் கதாயுதத்தைப் பெரிசாக்கி விட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. அந்தப் பெரிய கதாயுதத்தால்தான் டீச்சரும் டாக்டரும் அப்பாவும் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள், நேர்மை நேர்மை என்று மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

தாடி அன்று மத்தியானத்துக்குள் சரி பண்ணிவிட்டான். சமமாக இருந்தால் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடு என்று ஒரே ஒரு வரி. ஒரு வரிதான். அது இல்லாததால் இரண்டு வருடம் அத்தனை பேரைப் பொய்யர்களாக்கி அனுப்பியிருந்தாள். அரக்கனின் கதாயுதத்தையும் சின்னதாக்கினான். குற்றம் செய்தவன் சும்மா இருக்க முடியாமல் கூடுதலாக ஒன்று செய்வதுபோல, சமமாக இருக்கும்போது எதிராளிகள் ஒவ்வொரு கோபுரமாகத் தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரியும் வைத்தான். சோதனைக்கு அதை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

அவள் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தாள். 'பகடை நேர்மையானது. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை. எதிராளிகள் இதுவரை முதல் இடத்தில் இருந்தவரை அதிகமாக அடித்திருக்கிறார்கள். அது எங்கள் தவறு. புகார் எழுதியவர்களுக்கு நான் தவறான பதில் அனுப்பியிருக்கிறேன்.' அவ்வளவுதான். அலங்காரம் எதுவும் இல்லை.

தலை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மந்திரிம்மா, சரி பண்ணியாச்சு இல்ல? திங்கக்கிழமை அறிக்கை வரும்போது பசங்க நியாயமாத்தான் ஆடுவாங்க. அப்ப நீ முதல்ல எழுதினது முழு உண்மைதானே? இந்தப் பத்தி எதுக்கு? சொந்தக் கண்ணுல நாமே விரலை விட்டுக் குத்திக்கணுமா?"

"இது வரைக்கும் சொன்னது பொய் சார்."

"யாரும் வேணும்னு சொல்லலையே. யாரு உன்னைக் குறை சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாம் தானா நடந்துது. அதுதான் எரியுது."

அவர் பெருமூச்சு விட்டார். "இப்படிப் பாரு. பத்தியை எடுத்துடு, உன் பேர்ல ஜம்முனு போகும், நாற்காலி உன்னுது. பத்தி இருக்கணும்னா அறிக்கையே வேண்டாம், சின்னச் சின்ன முன்னேற்றங்கள்னு ஒரு வரியோட விட்டுடலாம். நாற்காலியைப் பத்தி அப்புறம் பாக்கலாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பிடு." சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பினார். திரும்பின வேகத்திலேயே, பழக்கமான குரலில், "யாராவது அந்த பக்கெட்டை ஊத்திடுங்கப்பா, வழியுது," என்றார்.

ஹாலில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் ஒருவரும் அசையவும் இல்லை. அவள் எழுந்து வரப்போகிறாள் என்று தெரிந்த மாதிரி, வழியில் இருந்த தன் காலை ஒருவன் இழுத்துக்கொண்டான். யாராவது என்ற சொல்லுக்கு முகம் கிடையாது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அன்று அந்தச் சொல் ஹாலைச் சுற்றி வந்து, வழி தெரிந்த மாடு தொழுவத்துக்கு வருவதுபோல, நேராகத் தன் காலடியில் வந்து படுத்ததை அவள் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கெட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். படியில் இறங்கும்போது தண்ணீர் தரையில் வழிகிற சத்தம் முதுகில் கேட்டது. தாடிதான் கடைசியில் எழுந்து போயிருக்க வேண்டும். நாற்காலி ஒன்று கிரீச்சென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துக்கொண்டிருந்தவள் வழக்கம்போலக் கத்தினாள்: "யாராவது அந்தத் துண்டை எடுத்துக் குடுங்க!" கதவிடுக்கு வழியாகத் துண்டு வந்தது. துண்டைப் பிடித்திருந்த கையில் சோப்பு நுரை இருந்தது. அம்மா பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் துண்டை வாங்கிக்கொண்டு, ஈரத்தோடு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வீட்டிலும் ஒரு வரிசை இருக்கிறது. தான் உள்ளே இருந்தால் அடுத்தது யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அவள் லேப்டாப்பை மடியில் வைத்து அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே விசையில் அழித்துவிடலாம். ஜன்னலோரம், வெளிச்சம், கணக்கு. இரண்டு வருடம் முறைத்த கோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரலாம். யாருக்கும் நஷ்டமில்லை, பசங்க இனிமேல் நியாயமாக ஆடுவார்கள். கணக்கு டீச்சர் மட்டும் தனக்குத்தான் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே சாவார்.

"இந்த அரக்கனுக்கு என்னடி ஆச்சு?" என்றார் அப்பா. அவரும் அம்மாவும் தம்பியும் புதுப் பதிப்பில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை இந்த முறையும் அவர்தான் முதலில் போட்டிருந்தார், வசதியாக. "காய் பொறுக்கறவன் மாதிரி ஒவ்வொண்ணா பாத்துட்டு நிக்கறான்? முன்னாடியே தேவலை. டக்குன்னு அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பான்."

"முன்னாடி அடி என்மேல விழுந்துது. உங்களுக்கு தேவலையாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா. அவளுடைய கோபுரம் நான்காவது மாடியைத் தொட்டிருந்தது. அவள் இடி அட்டையை எடுத்து, ஒரு நொடி கூட யோசிக்காமல், அப்பாவின் மாடியைத் தகர்த்தாள். தம்பி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு விசில் அடித்தான்.

அவள் லேப்டாப்பில் தட்டத் தொடங்கினாள். தலைக்கு, தாடிக்கு, ஹாலில் இருந்த ஒன்பது பேருக்கும். 'அறிக்கை இணைப்பில் இருக்கிறது. பத்தியும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. பத்தி இல்லாத அறிக்கைதான் வேண்டுமென்றால் யாராவது எழுதிக்கொள்ளட்டும். அந்த யாராவது நான் இல்லை. பக்கெட்டுக்கும் இதே பதில்.' கடைசி வரியை எடுக்கலாமா என்று யோசித்தாள். எடுக்கவில்லை. அனுப்பினாள். லேப்டாப்பை மூடிச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

"யாராவது கதவைத் திறங்க," என்றார் அப்பா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவின் உள்ளங்கை தரையில் ஊன்றியது. அவள் தன் கையை நீட்டி அம்மாவின் முழங்கால் மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஊன்றிய கை மெதுவாக மடிக்கு வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கடைசியில் முக்காலி மேல் நீண்டிருந்த தன் காலையே பார்த்தார். தம்பி ஹெட்போனைத் தொட்டான், காதுக்கு ஏற்றவில்லை. வெளியே நிற்பது யாரோ, இரண்டாம் முறையும் மணியை அழுத்தினார்கள்.

தரையில் போன் கிடந்தது. நான்கு கோபுரமும் இப்போது ஒரே உயரத்தில் நின்றன. அரக்கன் கதாயுதத்தை ஓங்கியபடி, ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.